சிவந்தால் குற்றம்

எண்பதுகளில் ஒரகடம் என்றால் எங்களுக்குத் தேள். விலங்கியல் முதுகலை மாணவர்கள் அந்தப் பக்கம் பஸ் ஏறியதே பொட்டல் காட்டில் கல் புரட்டத்தான். சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. கிருஷ்ணன் 1953-லேயே கருந்தேள் ஓட்டைப் பற்றி இங்கிலாந்து ஆய்விதழில் எழுதிவிட்டார். அந்தத் தைரியத்தில் எங்கள் பேராசிரியரும் எங்களை வெயிலில் அனுப்பினார்.

ஓட்டை மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போட வேண்டும். எந்த அமினோ அமிலம் எந்த அடுக்கில் ஒளிந்திருக்கிறது என்று சாயம் காட்டிக்கொடுக்கும். டைரோசினுக்கு மில்லான் கரைசல். நைட்ரிக் அமிலத்தில் பாதரசம். 1849-ஆம் ஆண்டுச் சரக்கு. இளஞ்சூட்டில் வைத்தால் டைரோசின் இருக்குமிடம் செங்கல் நிறமாகும். ஆர்ஜினினுக்கு சகாகுச்சி. ஆரஞ்சுச் சிவப்பு வந்த கையோடு மங்கிவிடும். டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. நின்ஹைட்ரினின் ஊதா, தேளைவிட எங்கள் விரல்களில்தான் அழகாக ஏறியது. கையுறை பீரோவில் பத்திரமாக இருந்தது. பாதரசக் கழிவைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டால் ஆய்வகம் சுத்தம்.

இன்று அதே ஒரகடத்தில் சிப்காட். 2010-ல் ரெனோ-நிசான், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. புரட்டக் கல்லும் இல்லை, ஓடத் தேளும் இல்லை. அக்கா மகன் அங்கே ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி. குடும்ப தினத்தன்று கண்ணாடி, கையுறை, இரும்பு மூக்கு ஷூ எல்லாம் மாட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனான்.

ஓர் அலுமினிய வார்ப்பைத் துடைத்து, டப்பாவிலிருந்து சிவப்புச் சாயம் அடித்தான். பத்து நிமிடம் ஊறவிட்டு வழித்துத் துடைத்தான். மேலே வெள்ளைப் பூச்சு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மயிரிழைபோல் ஒரு சிவப்புக் கோடு கசிந்து எழுந்தது.

"வந்துடுச்சுடா!" என்று கைதட்டிவிட்டேன். சிவப்புத் தெரிந்தால் ஆய்வகத்துக்கே டீ வாங்கிக்கொடுத்த பழக்கம்.

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "விரிசல் மாமா. ரிஜெக்ட்."

சிவக்காவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை. சிவந்தால் அவனுக்கு ஷிப்டு முடிந்தும் வீடு இல்லை.

"உங்க காலத்துல சிவந்தா என்ன மாமா பண்ணுவீங்க?"

"நோட்டுல எழுதிக்குவோம்."

"ரிஜெக்டே கிடையாதா? நல்ல வேலை மாமா."

தேளைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கும்.