மேட்டில் இளைக்கும், இறக்கத்தில் இழுக்கும்

மலைப்பாதை மாரத்தான் பற்றி இந்த வாரம் வந்து குவிந்த கேள்விகள் அத்தனையும் விருதுநகர் மாவட்டத்திலிருந்து. கந்தக பூமிக்காரர்களுக்குக் கால் துறுதுறுக்க ஆரம்பித்துவிட்டது போலும்.

சிவகாசி வாசகர்: எங்கள் ஊரில் மேடு என்றால் வேகத்தடைதான். எங்களுக்கு எதற்கு சார் மலை மாரத்தான்?

பதில்: திருவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்ததே இல்லையா? மல்லியைத் தாண்டினால் மேற்கே மலை எழுந்து நிற்கும். கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்ச உயரத்தில் இருக்கும் உங்கள் ஊருக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் ஒரு மணி நேரப் பயணம்தான். சென்னைக்காரர்கள் இதே சுகத்துக்கு ராத்திரி ரயிலேறி ஏற்காட்டுக்குப் போகிறார்கள்.

ராஜபாளையம் வாசகர்: மாரத்தான் எல்லாம் சென்னை, மும்பை சமாச்சாரம். சின்ன ஊர் தாங்குமா?

பதில்: மகாராஷ்டிரத்தில் சாத்தாரா என்று ஓர் ஊர். சத்ரபதிகளின் பழைய தலைநகரம் என்றாலும் இன்றைக்கு நடுத்தர ஊர்தான். 2012-இல் அங்கே ஒரு மலை அரை மாரத்தான் தொடங்கினார்கள். ஊருக்குள் கிளம்பி, யவதேஷ்வர் மலைச்சாலையில் பாதி தூரம் ஏறி, அதே வழியில் இறங்கி வரவேண்டும். மழைக்காலம் முடியும் நேரம் என்பதால் மலை முழுக்கப் பச்சை. மேலே மேகம் தரையில் உட்கார்ந்திருக்கும். 2015-இல் ஒரே மலையில் இரண்டாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டோர் ஓடியதற்குக் கின்னஸ்காரர்கள் சான்றிதழ் கொடுத்தார்கள்.

அங்கே ஓடிவிட்டு வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். முதல் வாக்கியம் மலையைப் பற்றி இருக்கும். இரண்டாவது வாக்கியத்திலிருந்து ஊர்க்காரர்களைப் பற்றித்தான். வாசலில் நின்று கை தட்டிய பாட்டி, கொட்டு அடித்த பையன்கள், தண்ணீர் நீட்டிய பள்ளிப் பிள்ளைகள். பெருநகரத்தில் மாரத்தான் நாளன்று பாதி ஊர் போக்குவரத்து நெரிசலைத் திட்டிக்கொண்டிருக்கும். சின்ன ஊரில் அது திருவிழா. ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்கக் கூடுகிற திருவில்லிபுத்தூருக்குக் கூட்டம் சேர்க்கச் சொல்லித்தரவா வேண்டும்? இன்னொன்று, சாத்தாரா மலையும் உங்கள் அய்யனார் கோவில் மலையும் ஒரே தொடர். வடக்கே அவர்கள், தெற்கே நீங்கள்.

விருதுநகர் வாசகர்: எங்கள் ஊரில் 5 கிலோமீட்டர் 'மினி மாரத்தான்' ஓடினேன். மாரத்தான் வீரர் என்று விசிட்டிங் கார்டில் போடலாமா?

பதில்: சிவகாசியில் அச்சடித்தால் எதை வேண்டுமானாலும் போட்டுத் தருவார்கள். மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது; 1921-இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். அதில் பாதி அரை மாரத்தான். ஐந்து கிலோமீட்டருக்கு 'ஓட்டப்பந்தயம்' என்றே நல்ல தமிழ்ப் பெயர் இருக்கிறது.

அருப்புக்கோட்டை வாசகர்: மலை ஓட்டத்தில் ஏற்றம் கஷ்டமா, இறக்கம் கஷ்டமா?

பதில்: ஏற்றம் அங்கேயே கணக்குத் தீர்த்துவிடும். மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், நடந்தால் சரியாகிவிடும். இறக்கம் கடன்காரன், இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வருவான்.

விஷயம் இதுதான். மேடேறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கி நிறுத்தவேண்டும். அந்த இழுவையில் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழும். ஓடும்போது ஒன்றும் தெரியாது, பறப்பது போலத்தான் இருக்கும். மறுநாள் தொடங்கி மூன்றாம் நாள்வரை மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

பாஸ்டன் மாரத்தான் இதற்குப் பேர்போனது. மொத்தத்தில் பார்த்தால் அது இறக்கப் பந்தயம். கிளம்புமிடத்தைவிட முடியுமிடம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்வு. சும்மா உருண்டு போய்விடலாம் என்று நினைக்கிறவர்களுக்காக 32-ஆவது கிலோமீட்டர் வாக்கில் ஒரு மேடு காத்திருக்கிறது. பெயர் ஹார்ட்பிரேக் ஹில். உயரம் முப்பது மீட்டர்கூடக் கிடையாது. நம் ஊரில் அதை மலை என்று சொன்னால் திருத்தங்கல் பெருமாளே சிரிப்பார். ஆனால் இறக்கத்தில் தொடையைத் தொலைத்துவிட்டு வந்தவர்களுக்கு அதுவே இமயம்.

ஆகவே இறக்கத்தில் காலை எட்டிப் போடாதீர்கள். சின்னச் சின்ன அடி, முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும், உடம்பைப் பின்னால் சாய்க்கவேண்டாம். பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒருமுறை நன்றாக இறங்கி ஓடிப் பாருங்கள். ஒருதரம் வலித்த தசைக்கு அடுத்த தரம் வலி குறையும். இது ஆராய்ச்சியில் உறுதியான சங்கதி.

திருத்தங்கல் வாசகர்: மலையே இல்லாமல் மலைக்குப் பயிற்சி எடுப்பது எப்படி?

பதில்: குன்றின்மேல் கோயில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா? நின்ற நாராயணப் பெருமாளைச் சேவிக்கப் போகிறபோது படிகளை வேகநடையாக ஏறுங்கள், நிதானமாக இறங்குங்கள். அர்ச்சனைத் தட்டோடு வருகிறவர்களுக்கு வழிவிடுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு ரயில்வே மேம்பாலம் இருக்கிறது. சமவெளி ஓட்டக்காரர்கள் எல்லா ஊரிலும் பாலத்தில்தான் மலை பழகுகிறார்கள். அதிகாலையில், ஓரமாக, எதிரே வரும் லாரி கண்ணில் படுகிற பக்கத்தில்.

வத்திராயிருப்பு வாசகர்: ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிற எங்களுக்கு அரை மாரத்தான் ஒரு பொருட்டா?

பதில்: ஏறுகிற மனசுக்குப் பொருட்டில்லை, முழங்காலுக்குப் பொருட்டு. தாணிப்பாறையிலிருந்து பல மணி நேரம் பாறையில் ஏறிப் பழகிய கெண்டைக்காலும் மூச்சும் உங்களுக்குப் பெரிய முதலீடு. நகரத்து ஜிம் ஆசாமிகளிடம் அது இல்லை. ஆனால் நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓட்டத்தில் ஒவ்வோர் அடியும் குதித்து விழுவது. அந்த அதிர்ச்சிக்கு எலும்பும் தசைநாரும் பழக மூன்று நான்கு மாதம் ஆகும். அவசரப்படாதீர்கள், மகாலிங்கம் எங்கேயும் போய்விட மாட்டார்.

திருவில்லிபுத்தூர் வாசகி: வெளிநாட்டு எனர்ஜி ஜெல்லுக்குப் பதில் எங்கள் பால்கோவா சாப்பிட்டுவிட்டு ஓடலாமா?

பதில்: புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தை அப்படி அவமதிக்காதீர்கள். ஓடும்போது வயிற்றுக்கு ரத்தம் குறைவாகப் போகும். சர்க்கரை மட்டுமென்றால் சமாளிக்கும். கூடவே பாலின் கொழுப்பும் சேர்ந்தால் அது அப்படியே நின்று வேடிக்கை பார்க்கும். ஓட்டத்துக்கு நடுவே வாழைப்பழம், பேரீச்சை, ஒரு துண்டு கருப்பட்டி போதும். பால்கோவா பந்தயம் முடிந்தபிறகு. அப்போது கால் கிலோ கேட்டாலும் நான் எதிர்ப்புத் தெரிவிக்க மாட்டேன்.

விருதுநகர் வாசகர் (இன்னொருவர்): முதல் நாள் ராத்திரி எங்கள் ஊர் பொரிச்ச பரோட்டா?

பதில்: எண்ணெயில் ஓடுவது மோட்டார்.

சாத்தூர் வாசகர்: நம் வெயிலுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கவேண்டும்? குடித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்கிறார்களே?

பதில்: அந்த யோசனை ஆளையே கொல்லும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு இயல்பைவிடக் குறைந்திருந்தது. முக்கியக் காரணம், ஓடும்போது தேவைக்கு மேல் குடித்தது. அதிலும் மெதுவாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிக்கிறவர்களுக்குத்தான் இந்த வில்லங்கம் அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள், தண்ணீரோடு உப்பும் போகட்டும். நம் பக்கம் உப்புப் போட்ட நீர்மோரைவிட நல்ல சரக்கு எந்தக் கம்பெனியிலும் வராது. முடித்ததும் உங்கள் ஊர் வெள்ளரிக்காய். காராச்சேவு சாயங்காலம்.

ராஜபாளையம் வாசகி: அதிகாலையில் ஓடினால் தெருநாய் துரத்துகிறதே?

பதில்: தபால்தலையில் இடம்பிடித்த நாயினம் உங்கள் ஊருடையது. 2005-இல் வெளியிட்டார்கள். ஆனால் துரத்துவது அந்த வெள்ளைத்தோல் கனவான் அல்ல, முட்டுச்சந்து ரௌடி. அதனிடம் ஓட்டப் போட்டி வைக்காதீர்கள், தோற்றுப்போவீர்கள். நின்றுவிடுங்கள், கண்ணுக்குள் முறைக்காதீர்கள், மெல்லப் பின்வாங்குங்கள். பல் பட்டுவிட்டால் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனை. தடுப்பூசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியமெல்லாம் இதில் வேண்டாம்.

காரியாபட்டி வாசகர்: வெறுங்காலில் ஓடுவதுதான் வீரம் என்கிறார் என் நண்பர்.

பதில்: எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி ஜெயித்தார். 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு அதைவிட மூன்று நிமிடம் சீக்கிரமாக ஓடி மறுபடி ஜெயித்தார். நண்பரிடம் பாதிக் கதைதான் இருக்கிறது. நம் மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியும் ஆரம்பத்தில் வெறுங்காலில் ஓடியவர்தான். பாட்டி வளர்த்த பெண். அங்கிருந்து டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். வெறுங்கால் அவருடைய கொள்கை அல்ல, ஷூ வாங்க வழியில்லாத வறுமை.

வெம்பக்கோட்டை வாசகி: பட்டாசு ஆலையில் வேலை. விடிந்ததும் வேன் வந்துவிடும். சாயங்காலம் வந்து சோறு வடிக்கவேண்டும். எங்களை மாதிரி ஆட்கள் எப்போது ஓடுவது?

பதில்: அக்கா, இந்த வாரத்தில் கிண்டல் செய்யத் தோன்றாத ஒரே கேள்வி உங்களுடையது. ஓடு ஓடு என்று எழுதுகிற நாங்கள் எல்லாம் நாற்காலி ஆசாமிகள். நீங்கள் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர். உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பும் தொடையின் பின்பக்கமும் இறுகிப்போகும். உங்களுக்கு முதல் தேவை ஓட்டம் அல்ல, நிமிர்ந்த நடை. வாரத்தில் மூன்று நாள் அரைமணி நேரம் கிடைத்தால் போதும். ஒன்று மட்டும்: மருந்து படிந்த வேலைத்துணியோடு நடக்கவோ ஓடவோ வேண்டாம், குளித்து மாற்றிவிட்டுப் போங்கள். அந்த அரைமணி நேரம் சோறு வடிக்கிற வேலையை வீட்டுக்காரரிடம் கொடுங்கள். அவருக்கும் உடற்பயிற்சிதான். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984-இல்தான். அதுவரை பெண் உடம்பு தாங்காது என்றார்கள், சோறு வடிக்காதவர்கள்.

மம்சாபுரம் வாசகர்: சாலை எதற்கு? காட்டுக்குள்ளேயே ஓடினால் இன்னும் அழகாக இருக்குமே?

பதில்: அழகாக இருக்கும், புலிக்கும். உங்கள் மேற்கு எல்லையில் இருப்பது 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், நாட்டிலேயே 51-ஆவது. அதற்கு முன்பே, 1988-இலிருந்து, சாம்பல் நிற அணில்களின் சரணாலயம். ஒலிபெருக்கியும் பிளாஸ்டிக் டம்ளருமாக ஆயிரம் பேர் உள்ளே போகிற இடமில்லை. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் கருகிப்போனதை மறக்கவேண்டாம். சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே மாதம் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீர்க் குளிரும் ஆலங்கட்டி மழையுமாக அடித்து 21 பேர் இறந்தார்கள். மலையில் வானிலை யாரிடமும் சொல்லிவிட்டு மாறுவதில்லை. மலையைப் பார்த்தபடி ஓடலாம். அதன் வீட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

சிவகாசி வாசகர் (வேறு ஒருவர்): ஓட்டத்தைத் தொடங்கிவைக்கப் பத்தாயிரம் வாலா போடலாமா?

பதில்: மூச்சு இழுக்கப் போகிறவர்கள் முன்னால் புகையா? உங்கள் ஊர் உற்பத்தியை வேறு எங்கேயாவது விற்றுக்கொள்ளுங்கள். ஒரு விசில் போதும்.

ராஜபாளையம் வாசகர் (மூன்றாமவர்): கடைசியாக வந்தால் கேவலமாக இருக்குமே?

பதில்: தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் என்று ஒரு மலைப்பாதை ஓட்டம், 1921-லிருந்து. கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 12 மணி நேரக் கெடு. கெடு முடியும்போது துப்பாக்கி வெடிக்கிறவர் ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டியபடி நிற்பார். யார் உள்ளே, யார் வெளியே என்று பார்த்து இரக்கம் காட்டிவிடக்கூடாது என்பதற்காக. அங்கே அதிகக் கைதட்டல் வாங்குகிறவர் கெடுவுக்குள் நுழையும் கடைசி ஆள். நம் சென்னையின் முன்னாள் மேயர் மா. சுப்பிரமணியன் 2004-இல் பெரிய விபத்தில் அடிபட்டவர், சர்க்கரை நோயாளி. அவர் நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். எத்தனையாவதாக வந்தார் என்று யாராவது கேட்டார்களா?

விருதுநகர் வாசகி: காமராஜர் ஓடியிருந்தால் எந்தப் பந்தயத்தில் ஜெயித்திருப்பார்?

பதில்: ரிலே. கையில் இருந்த தடியை 1963-இல் தானாகவே அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு விலகிய முதலமைச்சர் ஆயிற்றே.

திருவில்லிபுத்தூர் வாசகர்: சரி, நம் மாவட்டத்தில் மலையோர அரை மாரத்தான் வைத்தால் எங்கே, எப்போது வைக்கலாம்?

பதில்: தேரடியில் தொடங்கி செண்பகத்தோப்புச் சாலையில் போய், காட்டு எல்லைக்கு முன்பே திரும்பி வரலாம். குறைகிற தூரத்தை ஊருக்குள் சுற்றிச் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஐப்பசி கார்த்திகை மழை போகட்டும், தீபாவளி ஆர்டர் நெருக்கடியும் முடியட்டும். மார்கழியில் ஒரு ஞாயிறு. ஆண்டாள் ஊரில் அந்த மாதம் விடிவதற்கு முன்பே எல்லோரும் எழுந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். கூட்டம் சேர்க்கத் தனியாக அறிவிப்பு வேண்டாம். நடத்த முன்வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பதிவுக் கட்டணம் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலாளர்களுக்கு மட்டும் அது இலவசமாக இருக்கட்டும், அவர்களை ஊருக்குத் திரும்பக் கொண்டுவிட ஒரு வேனும்.