சாமுத்திரிகா லட்சணமும் நான்கு மீட்டர் காரும்: டோம்பிவிலி கிழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

காரின் அழகைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி யாருக்கு என்ற கேள்விக்கு உலகம் இதுவரை தவறான விடையையே வைத்திருக்கிறது. ஓட்டுபவனுக்கு என்கிறார்கள். ஓட்டுபவன் தன் காரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவன் அதன் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறான். முகம் தெரிய வேண்டுமென்றால் கார் நிற்க வேண்டும், எதிரே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அவருக்கு அப்போது வேறு வேலை இருக்கக் கூடாது. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் டோம்பிவிலி கிழக்கு.

மும்பை சிஎஸ்எம்டியிலிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர். மாட்டுங்காவில் வாடகை கட்டுப்படியாகாமலும் செம்பூரில் இரண்டாவது பெட்ரூம் கிடைக்காமலும் நகர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். வேலைக்குப் போவது லோக்கல் ரயிலில். கார் வாங்குவது அதற்காக அல்ல. வாரநாளில் காரை எடுத்துக்கொண்டு ஃபோர்ட்டுக்குக் கிளம்புகிறவனை இங்கே பணக்காரன் என்று சொல்வதில்லை. ஊருக்குப் புதுசு என்பார்கள். ஆகவே ஆறு நாள் கவருக்குள் உறங்கும் கார், ஞாயிறன்று கவர் நீக்கிக் குளிப்பாட்டப்பட்டு, அபிஷேகம் முடிந்த உற்சவர்போல் தரிசனத்துக்கு நிற்கிறது.

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை வள்ளல் வரிசையில் வைத்தது நம் மரபு. எங்கள் சொசைட்டி ஏ-விங்கின் கீழே நிற்கும் ஒரு காரின் மேல் மணிபிளான்ட் ஏறி, வைப்பரை ஒரு சுற்றுச் சுற்றியும் முடித்துவிட்டது. உரிமையாளரை யாரும் வள்ளல் என்று பாடவில்லை. மெயின்டனன்ஸ் பாக்கி என்று போர்டில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

ஆய்வுக் களம், பேவர் பிளாக் பதித்த முற்றம். கருவிகள், சுட்டிக்காட்டவும் அளக்கவும் ஒரு குடை, ஒரு டம்ளர் காபி. காலம், ஞாயிறு காலை ஏழரை தொடங்கி மாமி பால்கனியிலிருந்து கூப்பிடும் வரை. தகவலாளிகள் மூவர்: ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வுபெற்ற பி-விங் மாமா, புது எஸ்யூவிக்குப் புக்கிங் பணம் கட்டிவிட்டு டெலிவரி தேதிக்குக் காத்திருக்கும் அவருடைய அக்கா பையன், வாசலில் மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி.

மாமாவின் கோட்பாடு சாமுத்திரிகா லட்சணத்தில் வேர்கொண்டது. பெண்களைப் பத்மினி, சித்ரிணி, சங்கினி, ஹஸ்தினி என நான்கு ஜாதியாகப் பிரித்த பழைய சாஸ்திரக்காரர்கள் பத்மினியை முதலில் வைத்தார்கள். (அவர்களை மாமியிடம் அனுப்பிவைக்க ஆசை.) குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த காருக்குச் சித்தூர் ராணியின் நினைவாகவே அந்தப் பெயர் என்பார்கள். மாமா அதை ஏற்பதில்லை. சாஸ்திரப்படி வைத்தது என்கிறார்.

“பத்மினி முகம்னா முகம்டா. உருண்டைக் கண்ணு ரெண்டு. எதிர்த்தாப்ல வந்தா ‘காபி ஆச்சா’ன்னு கேக்கற மாதிரி இருக்கும்.”

“மாமா, அதுல ஸ்டியரிங் திருப்பினா தோள்பட்டை கழண்டுடும்.”

“அழகைப் பத்திப் பேசிண்டிருக்கோம். தோள்பட்டை வேற டிபார்ட்மென்ட்.”

2023 அக்டோபரில் மும்பையின் கடைசிப் பத்மினி டாக்ஸி தெருவை விட்டு நீங்கியது. அன்று மாமா ஒரு வேளை சாப்பிடவில்லை. சோமவாரம் என்றார்.

இங்கே ஒரு வரலாற்று அநீதியைப் பதிவுசெய்தாக வேண்டும். அதே பிரீமியர் கம்பெனி, பிரான்ஸின் பெஜோவோடு கைகோத்து, 1990களின் நடுவில் பெஜோ 309 என்ற காரைச் செய்தது எங்கள் கல்யாண்–ஷில் சாலை ஆலையில்தான். எங்கள் ஊர் ஆலைக்கு அப்போது ‘கல்யாண் ஆலை’ என்று பெயர். எங்கள் கார்களின் எம்.எச்.05 நம்பர் பிளேட்டும் கல்யாண் ஆர்டிஓவின் கணக்கு. மாநகராட்சியின் பெயரிலும் கல்யாண்தான் முன்சீட்டில்; டோம்பிவிலி பின்னால் தொற்றிக்கொண்டு வருகிறது. அந்த 309 நெடுங்காலம் ஓடவில்லை. கோடுபோட்டு வரைந்த டப்பா உடல், மூக்கில் ஒரு சிங்கம், கோபமோ மகிழ்ச்சியோ தெரியாத முகம். ரேஷன் கார்டு போட்டோ முகம் என்று மாமா வகைப்படுத்துகிறார். ஐரோப்பாவில் அது முதலில் டால்பட் என்ற பெயரில் வெளிவர இருந்த கார். கடைசி நேரத்தில் பெஜோவாக்கினார்கள். அதற்கே தான் யாரென்று தெளிவில்லாதபோது முகத்தில் என்ன பாவம் வரும்?

இனி மையப் பிரச்சினை. இன்றைய கார்கள் ஏன் இப்படி முறைக்கின்றன? தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டென்று சொல்லும். அவற்றில் நகை, உவகை இரண்டும் இன்றைய ஷோரூமில் கிடைப்பதில்லை. வெகுளி மட்டும் பேஸ் மாடலிலிருந்தே வருகிறது. காருக்கு முகம் உண்டு என்பது மாமாவின் பிரமை என்று தள்ளிவிடவும் முடியாது. 2008இல் வியன்னா பல்கலைக்கழக மானிடவியலாளர்கள் 40 பேரிடம் 38 கார்களின் முன்பக்கப் படங்களைக் காட்டிக் குணம் கேட்டார்கள். ஒடுங்கிச் சாய்ந்த விளக்கும் அகன்ற கீழ்ப்பகுதியும் கொண்ட காரை ஆதிக்கக்காரன் என்றார்கள் பார்த்தவர்கள். அந்த மாதிரியே அதிகம் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார்கள். நாற்பது பேரைச் சேர்க்க வியன்னாவில் எத்தனை நாள் ஆயிற்றோ! இங்கே ஒரு பானெட்டைத் திறந்து வைத்தால் போதும்.

அக்கா பையன் இதற்குப் பொறியியல் விளக்கம் தருகிறான். பழைய ஹாலஜன் பல்புக்குப் பின்னால் கிண்ணம்போல் பெரிய பிரதிபலிப்பான் வேண்டும். அதனால் கண் பெரிது. எல்.இ.டி. வந்தபின் தீப்பெட்டி அளவு போதும்; கண் ஒடுங்கியது. மோதினால் பாதசாரியின் தலை நேரே இன்ஜினில் இடிக்காமல் நடுவே இடைவெளி விட வேண்டும் என்ற விதிகளால் பானெட் உயர்ந்தது. உயர்ந்த முன்பக்கத்தில் வெறும் தகடாகத் தெரியும் இடத்தை நிரப்பக் கிரில் அகன்றது. 2019இல் வந்த டாடா ஹாரியரிலும் ஹூண்டாய் வென்யூவிலும் மேலே மெல்லிய விளக்கு, நிஜ ஹெட்லைட் கீழே பம்பர் பக்கம்.

“அப்போ மேல இருக்கறது?”

“புருவம்னு வெச்சுக்கோங்கோ மாமா.”

“கண்ணைக் கன்னத்துல வெச்சுண்டு நெத்தியில வெறும் புருவமா? பிரம்மாவே பண்ணாத வேலைடா.”

2020இல் பிஎம்டபிள்யூ தன் 4 சீரிஸுக்கு வைத்த நெட்டையான இரட்டைக் கிரில்லைக் கண்டு அதன் பக்தர்களே பீவரின் முன்பல் என்று சிரித்தார்கள். மாமா அதற்குப் பரிகாரமே சொன்னார்: தெத்துப்பல், சின்ன வயசிலேயே கம்பி கட்டியிருக்க வேண்டும்.

அண்ணாச்சி இந்த விவாதத்துக்கு வெளியே நின்றவர். அவருடையது 2005 முதல் டாடா செய்யும் ஏஸ், வடநாட்டு வழக்கில் சோட்டா ஹாத்தி. சாஸ்திரப்படி பார்த்தால் ஹஸ்தினி, கடைசி ஜாதி. “எங்க வண்டி சிரிச்ச மூஞ்சியால்லா நிக்கி. அதப் பாத்துத்தான் கல்யாண் மார்க்கெட்டுல வழி விடுதான். மொறச்சுக்கிட்டு நிக்க வண்டிக்கு எவன் வழி விடுவான் தம்பி?” என்றார். வியன்னாக்காரர்கள் கேட்க மறந்த கேள்வி இது.

முன்பக்கம் ஐரோப்பாவைப் பார்த்து முறைக்கப் பழகியது என்றால், பின்பக்கத்தைத் தீர்மானித்தவர் ஒரு தமிழர். டாடா இண்டிகாவின் வடிவத்துக்கு இத்தாலியின் டூரினைச் சேர்ந்த ஒரு டிசைன் நிறுவனம் உதவியது, மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த ஹெரால்டை வரைந்தவர் மிக்கெலொட்டி என்றெல்லாம் பையன் அடுக்குவான். இருக்கட்டும். இந்தியக் காரின் உருவத்தை அதிகம் மாற்றிய சிற்பி சிவகங்கைக்காரர். 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம், 4,000 மில்லிமீட்டருக்கு மேல் நீளாத, பெட்ரோலானால் 1,200 சிசிக்கும் டீசலானால் 1,500 சிசிக்கும் உட்பட்ட கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார். பென்சில் எடுக்கவில்லை, களிமண் பிசையவில்லை; ஒரு வாக்கியம் எழுதினார். நாடு முழுதும் டிக்கிகள் குட்டையாயின. 2008இல் வந்த ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4,160 மில்லிமீட்டர். 2012இல் அடுத்த தலைமுறை வந்தபோது 3,995. போனது 165 மில்லிமீட்டர்; எங்கள் ஆய்வுக் குடையின் கைப்பிடியைவிடக் கொஞ்சம் அதிகம்.

“நீளப் பின்னலை நறுக்கி பாப் வெச்சுண்டுட்டா” என்றாள் மாமி பால்கனியிலிருந்து. சாஸ்திர விவகாரத்தில் அவள் கலந்துகொண்ட ஒரே சந்தர்ப்பம். ஆனால் மூவரும் பேசியதைவிடத் துல்லியம்.

நிறம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் வெள்ளையே வாங்குகிறார்கள். 2020 பிப்ரவரியில் எம்ஐடிசி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சாலையே ரோஸ் நிறமாகிச் செய்தியான ஊர் இது. கலர் தானாக வரும்.

மின்சாரக் கார் மட்டும் மாமாவின் சாஸ்திரத்தைத் தடுமாற வைத்தது. 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் மஹிந்திரா பி.இ.6ஐ அறிமுகம் செய்தபோது பையன் வீடியோவை அவர் மூக்கருகே கொண்டுபோய்க் காட்டினான். ‘சி’ எழுத்து வடிவில் விளக்கு, முகமெங்கும் வெட்டும் மடிப்புமாக, இஸ்திரி போடாத விண்கலம். மாமா நெடுநேரம் பார்த்தார். பெட்ரோல் காருக்கு ரேடியேட்டர். அதற்குக் காற்று போகக் கிரில், அதாவது வாய். பேட்டரிக் காருக்கு அத்தனை பெரிய வாய் தேவையில்லை. “அப்போ இது வாயில்லா ஜீவன்டா” என்று மனம் இளகினார். அடுத்த நிமிடமே, சார்ஜ் போட எந்த மீட்டரிலிருந்து ஒயர் இழுப்பாய் என்று கேட்டார். அந்தக் கேள்வி இப்போது சொசைட்டி ஏஜிஎம்மில் இருக்கிறது. அழகியலுக்கு அங்கே வேலையில்லை.

இவ்வாய்வின் கண்டுபிடிப்பை இங்கே வைக்கிறேன். ஒடுங்கிய கண். நெற்றிக்கு ஏறிய புருவம். காற்றுக்காக அகலத் திறந்த வாய். நெஞ்சுக்கு முன்னால் புடைத்து நிற்கும் பானெட். முடிந்தவரை உள்ளே இழுத்துக்கொண்ட பின்பாகம். இந்த முகத்தை இத்தாலியிலும் ஸ்டுட்கார்ட்டிலும் தேட வேண்டாம். பையை முதுகிலிருந்து கழற்றி மார்பில் மாட்டிக்கொண்டு, வண்டி நிற்பதற்குள் ஏறத் தயாராகும் டோம்பிவிலிக்காரரின் முகம் இது. உலகத்து டிசைனர்கள் எப்போது எங்கள் பிளாட்பாரத்துக்கு வந்து ஸ்கெட்ச் போட்டுக்கொண்டு போனார்கள் என்பது மேலாய்வுக்கு உரியது. ரயில்வே பாஷையில் லோக்கலின் பெட்டிக்கே ‘கார்’ என்றுதான் பெயர். 12 கார் வண்டி, 15 கார் வண்டி என்பார்கள். தொடர்பு இல்லாமலா?

இக்கருதுகோளைச் சோதிக்க, ஒரு திங்கட்கிழமை மாமாவையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். அவருக்கு மாட்டுங்காவில் காபிப்பொடி வாங்க வேண்டும். ஃபாஸ்ட் அங்கே நிற்காது, தாதரில் இறங்கி ஸ்லோவில் ஒரு ஸ்டேஷன் திரும்பி வர வேண்டும். ஏசி லோக்கல் வந்தது. புது முகம், பெரிய கண்ணாடி, பளபளப்பு. கூட்டம் எங்களைத் தூக்கி உள்ளே வைத்தது. முலுண்ட் தாண்டி மூச்சு வந்த பிறகு, குறிப்பேட்டை எடுத்துக் கேட்டேன்: “மாமா, இந்த வண்டியோட மூஞ்சி எப்படி?”

“மூஞ்சியை யார்ரா பாத்தா? கதவு எங்க வந்து நிக்கறதுன்னுதானே பாத்திண்டிருந்தேன்.”