555 புத்தகமும் கியூஆர் அட்டையும்

அப்பா பிறை சீனி ஆலையில் வேலை செய்த காலத்தில் எங்கள் வீட்டு வரவு செலவு முழுவதும் ஒரு 555 புத்தகத்தில் அடங்கிவிடும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று மளிகைக்கடைக்காரர் எழுதித் தருவார். ஒரு புத்தகம் எங்களிடம், இன்னொன்று அவரிடம். சம்பளத்தன்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கூட்டுவார்கள். தொகை ஒத்துப்போனால்தான் கணக்குத் தீரும்.

ஊரில் இருந்த அப்பாயிக்கு மணியார்டர் அனுப்ப அப்பா ஃபெரி ஏறிப் பினாங்குக்குப் போவார். பணம் கைக்கு வந்தது என்று கடிதம் வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அம்மா தபால்காரரை எதிர்பார்த்தே இருப்பார்.

அதற்கும் முன்னே, தாத்தா காலத்தில், பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார் கிட்டங்கிகள் இருந்தன. வியாபாரிகள் இங்கே பணம் கட்டி உண்டி வாங்கினால் ரங்கூனிலோ சென்னையிலோ அதைக் காட்டிப் பணமாக்கிக்கொள்ளலாம். எல்லாக் கடைக்கும் மேலே ஒரு தலைமை அலுவலகம் கிடையாது. ஒவ்வொரு கடையும் தன் பேரேட்டைத் தானே எழுதியது. வாக்குத் தவறியவருக்கு அடுத்த ஊரில் கடன் பிறக்காது. பேங்க் நெகாரா 1959-இல் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே கடல் தாண்டி ஓடிய ஏற்பாடு அது.

ஜப்பான்காரன் 1941 டிசம்பரில் வந்தபிறகு வாழைமரம் போட்ட நோட்டு புழங்கியது. 1945-இல் அவன் தோற்றதும் தாத்தா சேர்த்துவைத்த கட்டெல்லாம் வெறும் காகிதமானது. பணத்துக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று கேட்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் அன்று வந்தது.

இன்று பிறைச் சந்தையில் கீரை விற்கும் அக்காவும் டியூட்நவ் கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். சில்லறைத் தகராறு இல்லை. 2023 நவம்பரில் சிங்கப்பூரின் பேநவ் டியூட்நவோடு இணைந்தது. அங்கே வேலை செய்யும் மகன் கைப்பேசி எண்ணைத் தட்டினால் இங்கே அம்மாவின் கணக்கில் நொடியில் வெள்ளி வந்து விழுகிறது. அந்த நிம்மதிக்கு விலை சொல்ல முடியாது.

ஆனால் இது வங்கிகள் நடத்துவது. பிட்காயின் வேறு வகை. 2009 ஜனவரியில் ஓடத் தொடங்கிய அந்த வலைப்பின்னலுக்கு முதலாளி இல்லை. எங்கள் 555 புத்தகத்தைத் தாமான் முழுக்க வீட்டுக்கு வீடு வைத்திருந்தால் எப்படியோ அப்படி, கணக்கின் நகல் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. ஒருவர் தன் நகலைத் திருத்தினால் மற்றவை ஏற்காது. 2.1 கோடிக்கு மேல் நாணயம் வெளிவரவும் வராது.

இவ்வகை டிஜிட்டல் நாணயங்களின் உண்மையான பயன் எல்லை தாண்டும் பணத்தில் இருக்கிறது. 200 டாலர் அனுப்ப உலகச் சராசரியாக 6 சதவீதத்துக்கும் மேல் செலவாகிறது என்கிறது உலக வங்கி. 2030-க்குள் அதை 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்கு. பிறைத் தொழிற்சாலைகளில் உழைக்கும் நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளிக்கு அந்த வித்தியாசம் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. டாலரோடு மதிப்பைக் கட்டிவைத்த டிஜிட்டல் நாணயங்களால் இந்தச் செலவைக் குறைக்க முடியும். ஆனால் ஊரில் அதை ரூபாயாகவோ டாக்காவாகவோ மாற்றித் தர நேர்மையான ஒருவர் வேண்டும்.

அன்றாடச் செலவுக்குப் பிட்காயின் உதவாது. அதன் விலை ஏறி இறங்குகிறது. மலேசியாவில் அது சட்டப்படி செல்லுபடியாகும் பணமும் அல்ல. ரகசியச் சாவி தொலைந்தால் முறையிட ஒரு கவுண்டர்கூட இல்லை. 2019 ஜனவரி முதல் இத்தகைய நாணயங்களைப் பங்குபத்திர ஆணையம் கண்காணிக்கிறது. பதிவு பெற்ற தளங்களின் பட்டியலையும் அது வெளியிடுகிறது.

பணம் இரட்டிப்பாகும் என்று வாட்சப்பில் யார் சொன்னாலும் முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். அதில் பெயர் இல்லையென்றால் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.