காளைக்கு வரி இல்லை

மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியில் இனப்பெருக்க ஆராய்ச்சிக்குக் குறைவே இல்லை. 1963-இல் இந்தோ–சுவிஸ் திட்டம் வந்தது. பிரவுன் சுவிஸ் காளையும் உள்ளூர்ப் பசுவும் சேர்ந்து ‘சுனந்தினி’ பிறந்தாள். பசு பருவத்துக்கு வரும் நாளைக் குறித்து வைக்க ஆள் உண்டு. காளையின் உறைவிந்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் பத்திரமாக இருக்கிறது.

பக்கத்துச் சரிவுகளில் கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்களுக்கும் மாதாமாதம் நாள் வருகிறது. அதற்கு இருநாட்டு ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. தோட்டங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. நல்லவேளை, தேயிலைச் செடி இடுப்பளவு வளர்கிறது.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது உறைவிந்துக்கு வரி இல்லை. சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீதம். அதை நீக்கவைக்கப் பெண்கள் ஓராண்டு கத்த வேண்டியிருந்தது. காளைகள் மனு ஏதும் கொடுத்ததாகத் தெரியவில்லை.