ஓம் அண்ணன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை. உள்ளேயிருந்து "முப்பத்திரண்டு ஓம்... எண்பது ஓம்... இருநூற்றைம்பது ஓம்..." என்று குரல் வரும். கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பாட்டி, பிள்ளை ஜபம் பண்ணுகிறான் என்று ஒரு வாரம் அந்த மாடிப்படியில் செருப்புக்கூடப் போடவில்லை. பேயர்டைனமிக் டிடி 770 புரோ ஹெட்போன் எந்தெந்த ஓம் மின்தடையில் வருகிறது என்று அண்ணன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் தெருவுக்கே அவர் ஓம் அண்ணன்.

அவர் தனி ஆள் இல்லை, ஓர் இனம். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யப்போகிறவர்கள். 'போகிறவர்கள்' என்பதைச் சற்று அழுத்திப் படிக்கவும். சுவரெல்லாம் முட்டை அட்டை. அது தெருச் சத்தத்தைத் தடுக்காது என்று ஒட்டி முடித்த பிறகுதான் படித்தார். மைக் இன்னும் பாலித்தீன் உறைக்குள். மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, நிறைய விலைப்பட்டியல்.

ஆனால் ஆலோசனை கேட்டுப் போனால் அண்ணன் அட்சய பாத்திரம்.

"ரெக்கார்டிங்னா காதை மூடுற ரகம்தான் தம்பி. திறந்த ரகத்தைப் போட்டேன்னா உள்ள ஓடுற தாளம் வெளிய கசிஞ்சு மைக்குல ஏறிடும். அப்புறம் உன் பாட்டுக்குக் கொசுதான் மிருதங்கம். புளூடூத் வேணவே வேணாம். நீ பாடினது உன் காதுக்கு வந்து சேர்றதுக்குள்ள தாளம் தாண்டிப் போயிடும். பாஸ் தூக்கலா இருக்கறத வாங்காத. ஏற்கெனவே நெறைய இருக்குன்னு நம்பி நீ குறைச்சு வச்சுடுவ, கேக்கறவனுக்குப் பாட்டு சோகை புடிச்ச மாதிரி இருக்கும். 250 ஓம் வாங்கி லேப்டாப்புல சொருகினா முனகும், அவ்வளவுதான். காது மெத்தை கழட்டி மாட்டற மாதிரி இருக்கணும், நம்ம ஊரு உப்புக்காத்துக்கும் வேர்வைக்கும் உரிஞ்சுடும்."

அத்தனையும் பத்தரை மாற்றுத் தங்கம். கேட்டவன் அன்று சாயங்காலமே வாங்கிவிடுவான். அண்ணன்தான் பரமபதம் ஆடிக்கொண்டிருப்பார். ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் போதும் என்று தொடங்குவார். இன்னும் கொஞ்சம் போட்டால் எம்40எக்ஸ். அவ்வளவு போடுகிறவன் எம்50எக்ஸே வாங்கலாமே? அதற்கு, 1991லிருந்து ஸ்டூடியோக்களில் உழைக்கிற சோனி எம்டிஆர் 7506 தேவலையே? அங்கே விலையைப் பார்த்ததும் பாம்பு கடித்து மறுபடி எம்20எக்ஸ். "ஆடித் தள்ளுபடி வரட்டும்" என்பார். ஆடி போய்த் தீபாவளி வரும், தீபாவளி போய்ப் பொங்கல் வரும்.

அவருடைய அக்கா மகள் சிதம்பரத்தில், 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை படிக்கிறாள். போன வருஷம் வந்து, "மாமா, ஒரு ஹெட்போன் சொல்லுங்க" என்றாள். இரண்டு மணி நேரம் சொன்னார். அவள் உள்ளங்கையில் மூன்றே வார்த்தை எழுதிக்கொண்டாள்: மூடினது, ஒயர், மெத்தை. எம்20எக்ஸ் வாங்கினாள். ராத்திரி தெரு அடங்கியதும் ஃபேனை நிறுத்திவிட்டு, துணி தொங்கும் அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் நின்று கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கீர்த்தனை ஒன்றைப் பாடி அனுப்பினாள்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண் கலங்கியது என்று அக்கா சொன்னார். பிறகு போன் போட்டு, "நல்லாருக்கும்மா. எந்த ஹெட்போன்?" என்றார்.

"நீங்க சொன்னதுதான் மாமா. உங்க பாட்டு எப்ப வரும்?"

"ஆடி வரட்டும்."

கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளியபோதும் அப்பர் பாடிக்கொண்டே கரையேறினார் என்று சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பம் இதே கடலூரில்தான் இருக்கிறது. இதைவிட வாகான கல் கிடைக்குமா என்று அவர் விசாரித்ததாக எந்தப் புராணத்திலும் இல்லை. அவர் பாடிய தேவாரத்தின் ஏடுகளைத் தில்லைக் கோயில் அறையில் பூட்டி வைத்தார்களாம். ராஜராஜன் வந்து திறக்கும்போது கரையான் தின்றது போகத்தான் மிச்சம் இருந்ததாம். பூட்டி வைத்த பாட்டின் கதி அது.

ஆகவே வாசகர்களே, மூடினது, ஒயர், மெத்தை. மூன்றும் பொருந்தினால் கைக்கு எட்டிய விலையில் வாங்கிப் பாடத் தொடங்குங்கள். மிச்சத்தை ஓம் அண்ணன் ஆராய்ந்துகொள்வார்.