தண்ணி பட்ட பாடு

புதுச்சேரி அரியாங்குப்பத்தில் 'தண்ணி' என்றால் குழாயில் வருவது இரண்டாவது பொருள்தான். கூச்சத்தால் வந்த பெயர் அது, மதுவிலக்குக் காலத்தில் மறைத்துப் பேசியதன் மிச்சம் என்பார்கள் சிலர். 1937-இல் மதுவிலக்கைப் பார்த்த சேலத்துக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரியில் யாருக்குப் பயந்து மறைப்பது? பக்கத்து அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மது ஜாடி ஓடுகளே கிடைத்தன. ரோமாபுரிச் சரக்கு இறங்கிய ஊருக்கு வெட்கம் எதற்கு? சொல்லை ஆட்டி வைப்பது கூச்சமல்ல, கூட வரும் வினை: போட்டால் போதை, காட்டினால் ஏய்ப்பு, தெளித்து விட்டால் அந்தப் பிள்ளையை வீடே கைகழுவியது என்று அர்த்தம். அடிபம்பில் அடிப்பதும் தண்ணிதானே, அங்கே வினை மாறவில்லையே என்று கேட்கலாம். நியாயம்தான், அந்த ஒரு இடத்தில் மட்டும் கையில் இருப்பது குடமா குவாட்டரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த அகராதி தோற்கும் இடம் அரசு அலுவலகம். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்ற மிரட்டல் தமிழ்நாட்டில் பலிக்கும். புதுச்சேரி ஊழியரை எங்கே மாற்றுவது? காரைக்காலில் அரசலாறு, ஏனாமில் கோதாவரி, மாஹேயில் அரபிக்கடல். மற்ற தண்ணிக்கும் மூன்று ஊரிலும் பஞ்சமில்லை.