சொல்லாமல் வருகிறவர்கள்

எழுபதுகளில் எங்கள் ஊரில், மாயவரத்திலிருந்து வரும் கடைசி பஸ் போகும்வரை அம்மா அடுப்பை அணைக்க மாட்டார். அந்த பஸ்ஸில் யாராவது வந்து இறங்கலாம். கடிதம் போட்டுவிட்டு வருகிறவர்கள் குறைவு. போட்ட கடிதமும் சில சமயம் ஆள் வந்த மறுநாள்தான் வந்து சேரும். சித்தப்பா துணிப்பையோடு வாசலில் நின்றால் "வா, கை கால் கழுவு" என்பதோடு விசாரணை முடிந்தது. சோறு போதாவிட்டால் ரவை உப்புமா.

திடீரென்று வருவதெல்லாம் நல்லதாக இருந்ததில்லை. வாசலில் "தந்தி" என்ற குரல் கேட்டால், பிரித்துப் படிக்கும் முன்பே பாட்டி அழத் தொடங்கிவிடுவார். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றபோது அந்தப் பயமும் நாட்டைவிட்டுப் போனது. அதற்காக ஏங்க வேண்டியதில்லை.

இன்று என் வீட்டுக்கு வருகிறவர்கள் நேரம் கேட்டு, லொகேஷன் வாங்கி, எந்த சிக்னலில் நிற்கிறோம் என்பதுவரை சொல்லிக்கொண்டு வருகிறார்கள். போனில் பேசுவதற்கே "பேசலாமா?" என்று முன்னதாக ஒரு செய்தி. வெளியூர் போன பிள்ளை பத்திரமாகச் சேர்ந்துவிட்டாள் என்று உடனே தெரிவது பெரிய நிம்மதி. ஆனால் எதுவும் முன்கூட்டித் தெரியாத அந்த நாட்களில் யார் வந்தாலும் தயாராக இருந்தோம். எல்லாம் தெரிகிற இன்று, சொல்லாமல் ஒருவர் மணி அடித்தால் வீடே பதறுகிறது.

நம் நடமாட்டத்தைக் கணிப்பது அப்படியொன்றும் கடினமில்லை. செல்போன் பதிவுகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், ஒருவர் எங்கே இருப்பார் என்பதை அவருடைய பழைய வழக்கத்தை வைத்து 93 சதவீதம் வரை கணிக்க வாய்ப்புண்டு என்று 2010இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். வீடு, வேலை, கடை, மறுபடி வீடு என்றுதான் பெரும்பாலும் சுற்றுகிறோம். ஆனால் ஒரு மனிதர் யார் என்று எனக்குக் காட்டியவை மிச்சமிருக்கும் அந்தச் சிறு பங்கில் நடந்தவைதான்.

வரப்புத் தகராறில் அப்பாவோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தவர் பெரியப்பா. எதிரே வந்தால் தெரு மாறிப் போவார். நான் கல்லூரியில் சேர வேண்டிய வாரம், பணம் புரளாமல் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா படியேறி வந்து, பணத்தை என் கையில் கொடுத்து, "நல்லா படிடா" என்று சொல்லிவிட்டு நேரே போய்விட்டார். வரப்பு வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது. அவரைப் பிறந்ததிலிருந்து அறிந்த பாட்டிகூட அதை எதிர்பார்க்கவில்லை.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும் இதையே பார்த்தேன். பக்கத்து வீட்டார் பெயர்கூடத் தெரியாத நகரம் என்று நாங்கள் சொல்லிவந்த ஊரில், மீனவர்கள் கடலில் ஓட்டும் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டுக் கதவுகள் திறந்தன.

ஒருவர் எங்கே போவார் என்பதை வழக்கம் சொல்லிவிடும். போன இடத்தில் மனசு எப்படித் திரும்பும் என்பதை அது சொல்லாது. அந்த நிச்சயமின்மையை நான் குறையாக நினைப்பதில்லை. மனிதர்கள் மேல் நம்பிக்கை வைக்க எனக்கு இருக்கும் காரணமே அதுதான். யாரைப் பற்றியாவது "அவர் அப்படித்தான்" என்று முடிவுகட்ட நாக்கு துடிக்கும்போது, பெரியப்பாவை நினைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுக்கிறேன்.